மயிரிழையில் தப்பினால் பரிசா?

தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்து விளையாடும் கன்சோல் என்னும் கருவியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உங்களில் சிலர் அதில் கார் ஓட்டியும் இருப்பீர்கள். அண்ணன் விளையாடும்போது பின்னால் நின்று வேடிக்கை பார்த்தவர்கள் அதைவிட அதிகம் இருக்கக்கூடும். இந்த விளையாட்டுகளைப் பற்றிப் பெரியவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றே: நேரம் பாழ், கண் பாழ், படிப்பும் பாழ். நான் அந்தக் கட்சியில் சேரப் போவதில்லை. எனக்கும் இவற்றின் மேல் ஒரு வழக்கு உண்டு. அது வேறு வழக்கு.

பழைய பந்தய விளையாட்டுகளில் ஒரே ஓடுதளத்தைச் சுற்றிச் சுற்றி வரவேண்டும். பின்னர் வந்த திறந்தவெளி விளையாட்டுகளிலோ ஒரு நாட்டையே நம்முன் விரித்து வைத்துவிடுகிறார்கள். எந்தச் சாலையிலும் திரும்பலாம். சாலையை விட்டிறங்கி வயலிலும் பாலைவனத்திலும் ஓட்டலாம். 2021 நவம்பரில் வெளிவந்த 'ஃபோர்ஸா ஹொரைசன் 5' இத்தகையது. இங்கிலாந்தில் லெமிங்டன் ஸ்பா என்னும் ஊரிலுள்ள பிளேகிரவுண்ட் கேம்ஸ் நிறுவனம் இதை உருவாக்கியது. களம் மெக்சிகோ நாடு. குவானஹுவாட்டோ நகரின் வண்ண வண்ண வீடுகள், ஓர் எரிமலை, அடர்ந்த காடு, கடற்கரை, பழைய மாயர்களின் துலும் இடிபாடுகள் எல்லாம் இதில் உண்டு. பூகோளம்தான் கொஞ்சம் சுருங்கிவிட்டது. குவானஹுவாட்டோவுக்கும் கரீபியக் கடலோரத்துத் துலுமுக்கும் இடையே உண்மையில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். திரையில் சில நிமிடப் பயணம். பெட்ரோலும் தீருவதே இல்லை! இதை நான் குறையாகச் சொல்லவில்லை. தேசப்படத்தில்கூட நாடு சுருங்கித்தானே இருக்கிறது?

நாம் கவனிக்க வேண்டியது படத்தின் பின்னால் நடக்கும் கணக்கை. திரையில் ஒரு விநாடிக்கு 30 அல்லது 60 படங்கள் மாறுகின்றன. அதற்குள் காரின் நான்கு டயர்கள் மீதும் எவ்வளவு எடை அழுத்துகிறது, ஒவ்வொரு டயரும் தரையை எவ்வளவு பற்றுகிறது, ஸ்பிரிங் எவ்வளவு அமுங்குகிறது என்றெல்லாம் கன்சோல் கணக்கிட்டுவிடுகிறது. பிரேக் போட்டால் காரின் முன்பக்கம் தாழ்கிறதே, அதை யாரும் முன்கூட்டி வரைந்து வைக்கவில்லை. எடை முன் டயர்களுக்கு மாறுவதைக் கணக்கு சொல்கிறது, படம் காட்டுகிறது. டெலிமெட்ரி என்னும் திரையைத் திறந்தால் டயரின் வெப்பம், உராய்வு முதலிய எண்கள் ஓடிக்கொண்டிருப்பதை நீங்களே காணலாம். பல பள்ளிகளின் இயற்பியல் கூடத்தில் கிடைக்காத வசதி இது.

ஒரு சோதனை செய்து பாருங்கள். பந்தயக் கார் வேண்டாம், சாதாரணக் கார் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நேரான சாலையில் 50 கி.மீ. வேகத்தில் சென்று, ஓர் அடையாளத்தருகே பிரேக்கை முழுதும் அழுத்துங்கள். கார் நிற்பதற்குள் சாலை நடுவிலுள்ள எத்தனை வெள்ளைக் கோடுகள் கடந்தன என்று எண்ணுங்கள். பிறகு 100 கி.மீ. வேகத்தில் அதையே செய்யுங்கள். வேகம் இரண்டு மடங்கானால் தூரமும் இரண்டு மடங்காகும் என்றுதான் மனம் சொல்லும். ஆனால் அது ஏறத்தாழ நான்கு மடங்காக இருக்கும். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று பாடத்தில் படிக்கிறோம் அல்லவா? அந்த வர்க்கம்தான் வெள்ளைக் கோடுகளாக உங்கள் கண்முன் நீள்கிறது.

உண்மைச் சாலைக்கும் கணக்குப் போடுவோம். உலர்ந்த தார்ச் சாலையில் உராய்வுக் கெழு 0.7 என்று கொண்டால், 50 கி.மீ. வேகத்தில் பிரேக் போட்ட பின் கார் நிற்க 14 மீட்டர் வேண்டும். 100 கி.மீ. வேகத்தில் 56 மீட்டர். மழையில் கெழு 0.4 ஆகக் குறைந்தால் 98 மீட்டர். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒரு விநாடி பிடித்தால், அந்த ஒரு விநாடிக்குள் 100 கி.மீ. வேகக் கார் 28 மீட்டர் ஓடிவிடும். அதையும் மேலே சொன்ன தூரங்களோடு கூட்டிக்கொள்ள வேண்டும்.

சோதனை தவறினால்? ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். காலம் சில விநாடி பின்னோக்கி ஓடி, கார் பழைய இடத்துக்கே வந்துவிடும். இந்தப் பொத்தானைக் கேலி செய்பவர்கள் உண்டு. நான் அதன் கட்சி! ஒரே வளைவை 60 கி.மீ. வேகத்தில், பிறகு 70 கி.மீ. வேகத்தில், பிறகு 80 கி.மீ. வேகத்தில் திரும்பிப் பார்த்து, எந்த வேகத்தில் டயர் பிடி விடுகிறது என்று கண்டுபிடிப்பது சரியான விஞ்ஞான முறை. மற்றவற்றை மாற்றாமல் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கிறீர்கள்.

என் வழக்கு இனிமேல்தான் வருகிறது. இந்த விளையாட்டில் எதிரே வரும் காரை இடிக்காமல், ஆனால் உரசுவதுபோல் கடந்தால், திரையில் பாராட்டு மின்னும், புள்ளிகள் ஏறும். அடுத்தடுத்து அப்படிக் கடந்தால் புள்ளிகள் பெருகிக்கொண்டே போகும். வேலியை உடைத்தாலும் புள்ளி உண்டு. பலமாக மோதினால் சேர்த்து வந்த புள்ளிகள் போய்விடும் என்பது உண்மைதான். ஆனால் போவது புள்ளிகள்தானே! ஓட்டுநர்க்கு ஒரு கீறலும் விழாது. சாலையோரம் நிற்பவர்கள்மேல் கார் ஏறவும் ஏறாது. டயருக்கும் தரைக்கும் இடையே உள்ள உராய்வை இத்தனை நேர்மையாகக் கணக்கிடும் கருவி, மோதும் நொடியில் மட்டும் கணக்கை மூடி வைத்துவிடுகிறது.

மூடி வைத்த கணக்கை நாம் திறப்போம். 100 கி.மீ. வேகத்தில் செல்லும் 1,200 கிலோ காரின் இயக்க ஆற்றல் சுமார் 4,63,000 ஜூல். சுமார் 39 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து, அந்தக் கார் விழுந்தால் தரையைத் தொடும்போது இதே வேகம்தான் இருக்கும். நன்றாகப் பிரேக் போட்டால் இந்த ஆற்றல் பிரேக்கிலும் டயரிலும் வெப்பமாகப் போய்விடும். மோதினால் தகடு நசுங்குவதில் ஒரு பகுதி செல்லும். உள்ளே இருப்பவர்களின் உடலிலும் ஒரு பகுதி வந்து சேரும்.

விளையாட்டு வேறு, வாழ்க்கை வேறு, இது எங்களுக்குத் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் திரையில் கற்றது சாலைக்கு வரவே வராது என்று சொல்வதற்கில்லை. பிரிட்டனைச் சேர்ந்த யான் மார்டன்பரோ, 'கிராண்ட் டூரிஸ்மோ' என்னும் கன்சோல் விளையாட்டை ஆடியே 2011ல் ஒரு போட்டியில் வென்று, பயிற்சி பெற்று, உண்மையான பந்தய ஓட்டுநரானார். 2013ல் பிரான்ஸ் நாட்டு லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் தம் பிரிவில் மூன்றாமிடம் பெற்ற அணியில் இருந்தார். 2015 மார்ச் 28 அன்று ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் ஓடுதளத்தில், ஒரு மேட்டைத் தாண்டும்போது அவர் காரின் அடியில் காற்று புகுந்து முன்பக்கம் மேலெழும்பியது. கார் வேலிக்கு அப்பால் போய் விழுந்தது. பந்தயம் பார்க்க வந்திருந்த ஒருவர் உயிரிழந்தார். அதே ஓடுதளம், அதே மேடு 'கிராண்ட் டூரிஸ்மோ'விலும் உண்டு. ஒரு வித்தியாசம், அங்கே மறுபடி தொடங்கலாம்.

ஆராய்ச்சியும் ஒன்று சொல்கிறது. ஜெர்மனியில் பீட்டர் ஃபிஷரும் உடன் பணியாற்றியவர்களும் 2007ல், பிறகு 2009ல் வெளியிட்ட ஆய்வுகளில், பந்தய விளையாட்டு ஆடியவர்களுக்கு உடனே ஒரு போலிச் சாலைச் சோதனை வைத்தார்கள். ஆடியவர்கள் கூடுதலாகத் துணிச்சல் காட்டினார்கள். 2009ஆம் ஆண்டு ஆய்வில் கண்டதுதான் நமக்கு முக்கியம்: சாலை விதிகளை மீறுவதற்குப் பரிசு தரும் விளையாட்டுகளில்தான் இந்த விளைவு தோன்றியது, பரிசு தராத பந்தய விளையாட்டுகளில் தோன்றவில்லை. இது ஆடி முடித்தவுடன் அளந்தது. பல ஆண்டு கழித்து என்ன ஆகும் என்பதை இந்தச் சோதனை கூறாது. அதனால் கன்சோலைத் தூக்கி எறியுங்கள் என்பவர்களோடு நான் சேரமாட்டேன். குற்றம் வேகத்தில் இல்லை, காரில் இல்லை, பரிசில் இருக்கிறது என்பதே என் கருத்து. உலகில் 5 முதல் 29 வயது வரை உள்ளவர்களின் இறப்புக்கு முதற்காரணம் சாலை விபத்து என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்த விளையாட்டை ஆடுவோரில் அந்த வயதினரும் உண்டு. பரிசு எதற்கு என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

பரிசை மாற்றுவது கடினமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. எதிரே வரும் காரை உரசுவதுபோல் கடக்கும் கணத்தில், இரண்டு கார்களின் வேகமும் இடைவெளியும் தரையின் ஈரமும் கன்சோலுக்குத் தெரியும். புள்ளி மின்னும் அதே இடத்தில், "நிற்க 98 மீட்டர் வேண்டும், உன்னிடம் 11 மீட்டர் இருந்தது" என்று காட்ட ஒரு வர்க்கமும் ஒரு வகுத்தலும் போதும். நிறுவனங்கள் அதைச் செய்யும்வரை, பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நீங்களே போட்டுப் பார்க்கலாம். மெக்சிகோவின் மழைக்காலத்தில் தொடங்குங்கள். அங்கேதான் எண்கள் சுவையாக இருக்கும்.