நாலாவது குழாய் எங்கே?

பிள்ளைப்பாக்கம் சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவருக்குப் பல்வலி வந்தால், முதலில் மெடிக்கல் ஷாப் மாத்திரை, அப்புறம்தான் டாக்டர். ரூட் கேனல் செய்து, கேப்பும் போட்ட பிறகு அதே பல் மறுபடி வலித்தால்? ‘பிடுங்கிடலாம்’ என்று உடனே முடிவு செய்துவிடாதீர்கள்.

மேல்தாடையின் முதல் கடைவாய்ப்பல்லுக்குப் பொதுவாக மூன்று வேர்கள். ஆனால், அவற்றுக்குள் பலருக்கு நான்கு குழாய்கள் இருக்கும். கன்னத்தை ஒட்டிய முன்பக்க வேரில் ஒளிந்திருக்கும் நான்காவது குழாயின் வாய் மிகச் சிறியது. வெறும் கண்ணுக்கு எளிதில் தப்பிவிடும். அதைச் சுத்தம் செய்யாமல் விட்டால், உள்ளே தங்கிய கிருமிகளால் வேர் நுனியில் சீழ் கட்டலாம்.

இங்கேதான் உருப்பெருக்கிகள் கைகொடுக்கின்றன. டாக்டர் கண்ணாடிபோல அணியும் லூப், பொதுவாக 2.5 முதல் 4.5 மடங்கு வரை பெரிதாக்கும். மைக்ராஸ்கோப்பில் 20 மடங்குகூடப் பார்க்கலாம்; வெளிச்சமும் நேராகப் பல்லுக்குள் விழும். அமெரிக்காவில் ரூட் கேனல் சிறப்புப் படிப்புக்கு மைக்ராஸ்கோப் பயிற்சி கட்டாயம்.

எல்லாப் பல்லுக்கும் மைக்ராஸ்கோப் தேவையில்லை. வலிக்குப் பல்லில் விரிசல், கேப்பில் கசிவு என வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் கடைவாய்ப்பல்லுக்கு மறுசிகிச்சை என்றால், பழைய எக்ஸ்ரேயோடு எண்டோடான்டிக்ஸ் படித்த எம்.டி.எஸ். டாக்டரைப் பாருங்கள். ‘லூப் அல்லது மைக்ராஸ்கோப் வைத்துப் பார்ப்பீர்களா டாக்டர்?’ என்று தயங்காமல் கேளுங்கள். முகம் வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ லீவுக்காகக் காத்திருக்காதீர்கள், அன்றே போய்விடுங்கள்.

தொழிற்சாலையில் சின்னச் சின்ன பாகங்களையே லென்ஸ் வைத்துத்தானே சோதிக்கிறோம்? பல் மட்டும் என்ன இளப்பமா!