பாதாளத்துக் கல்லும் அந்தேரி மலையும்

"அப்பா, பசால்ட் வேணும்னா நெதருக்குத்தான் போகணும். மேல கிடைக்காது." போன ஞாயித்துக்கிழமை மைன்கிராஃப்ட் விளையாடிக்கிட்டே என் பையன் சொன்னான். நெதர்னா அந்த விளையாட்டுல நெருப்புக் குழம்பா இருக்கிற பாதாள லோகம். (வழவழப்பான வகை மட்டும் மேலயும் உண்டாம்.) சொல்லும்போது துரை உட்கார்ந்திருந்தது செம்பூர்ல. ஆழமாத் தோண்டினா பசால்ட்தான்!

விளையாட்டைத் திட்ட வரலைங்க. 2020-ல பசால்ட்டைச் சேர்த்தப்போ தூண் தூணா வச்சாங்க. அது நிஜம்தான். எரிமலைக் குழம்பு ஆறும்போது சுருங்கி, விரிசல் விட்டு, தூணாப் பிரியும். ஆனா அடுக்குக்கு நடுவுல இருக்கிற கதை அதுல வராது. இங்கே சுமார் 6.6 கோடி வருஷத்துக்கு முன்னாடி குழம்பு ஒரே தடவையில கொட்டலை. வழிஞ்சது, ஆறிச்சு, மறுபடி வழிஞ்சது. தாதர்ல சென்னை ரயில் பிடிச்சு ஊருக்குப் போறப்போ, லோனாவாலா பக்கம் மலையெல்லாம் படிப்படியாத் தெரியுதே, அதான் அது. டெக்கான் டிராப்ஸ்ல 'டிராப்' வந்ததே படிக்கட்டைக் குறிக்கிற ஸ்வீடிஷ் வார்த்தையிலிருந்து.

ரெண்டு வழிசலுக்கு நடுவுல இங்கே குளம் குட்டை இருந்திருக்கு. வொர்லி மலையில அந்த இடைப் படிவத்துல கிடைச்ச தவளைகளைப் பத்தி 1847-லேயே ரிச்சர்ட் ஓவன் எழுதிட்டார். டைனோசருக்குப் பேர் வச்சாரே, அவரேதான். வொர்லியில தவளை! எந்த விளையாட்டுல கிடைக்கும்?

அந்தத் தூணை நேர்ல பார்க்க அந்தேரி மேற்கு கில்பர்ட் ஹில் போனாப் போதும். சுமார் 200 அடி, நெட்டுக்குத்தா நிக்குது. உச்சியில தேவி கோயில். 1952-ல மத்திய அரசு பாதுகாத்தது, 2007-ல மாநகராட்சி பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்தது. அதுக்குள்ள சுத்தியிருந்ததை உடைச்சு எடுத்தாச்சு, கட்டடங்க நெருக்கிட்டு நிக்குது. இதே மாதிரித் தூண் அமெரிக்காவுல டெவில்ஸ் டவர். அதைச் சுத்தி எவ்வளவு வெட்டவெளி விட்டிருக்காங்கன்னு படத்தைப் பாருங்க. இங்கே காகிதத்துல பாதுகாப்பு, காலடியில ஃபிளாட். எனக்கு இது அநியாயமாப் படுது. எல்லோரா டூர் போற நாம (அதுவும் இதே கல்தான்), ஹார்பர் லைன்ல வடாலா மாறி ஒரு தடவை இங்கே போனதுண்டா? நானே இருபது வருஷமாப் போகலை.

வர்ற ஞாயிறு போறோம். குந்தாலி எடுத்துக்கலாமான்னு கேட்டான். கூடாதுன்னுட்டேன்.