சீலையும் தண்ணீரும்



இம்மாதம் யோவான் சுவிசேஷம் 13-ஆம் அதிகாரத்தை உங்களோடு தியானிக்க விரும்புகிறேன். கர்த்தருடைய பந்திக்கு முன் கால்களைக் கழுவும் வேளையில் நம் சபைகளில் வாசிக்கப்படும் பகுதி அது. பலமுறை கேட்டுப் பழகிவிட்டபடியால் அதின் கூர்மை நமக்கு மழுங்கிப்போயிற்றோ என்று அஞ்சுகிறேன்.

அந்த இராத்திரியில் மேல்வீட்டறையில் தண்ணீர் இருந்தது, பாத்திரம் இருந்தது, சீலையும் இருந்தது. கழுவுவதற்குத்தான் ஆள் இல்லை. புழுதி படிந்த கால்களைக் கழுவுவது அக்காலத்தில் வீட்டிலே கடைப்பட்ட பணியாளுடைய வேலை. பன்னிரண்டு பேரில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. லூக்கா 22-ஆம் அதிகாரத்தைச் சேர்த்து வாசித்தால் காரணம் விளங்கும். தங்களில் யார் பெரியவன் என்ற வாக்குவாதம் அதே பந்தியில்தான் உண்டாயிற்று. அந்த வாக்குவாதத்தில் இறங்கியவன் எப்படிக் குனிவான்? முடிவில் ஆண்டவரே எழுந்து அரையிலே சீலையைக் கட்டினார்.

ஒரு காரியத்தை நாம் கவனிக்கத் தவறுகிறோம். யூதாஸ் அப்போது இன்னும் வெளியே போகவில்லை. அப்பத்துணிக்கையை வாங்கிக்கொண்ட பிறகே அவன் இருளுக்குள் இறங்கிப் போனான். அப்படியானால் அவனுடைய கால்களையும் ஆண்டவர் கழுவியிருக்கிறார். அவன் என்ன செய்யப்போகிறான் என்று அறிந்தே கழுவினார்.

இதை எழுதும்போது என் மனச்சாட்சி என்னை உறுத்துகிறது. மும்பையில் நான் மேய்க்கும் சபையில் ஒரு சகோதரர் இருக்கிறார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, தாராவியில் தோல்பை தைக்கும் பட்டறையில் வேலை செய்பவர். பல ஆண்டுகளுக்கு முன் சபைக் கூட்டத்தில் அவர் எழுந்து, கட்டட நிதியின் கணக்கைச் சபைக்கு வாசித்துக் காட்டும்படி கேட்டார். கேட்டது நியாயமே. பணம் ஒரு ரூபாயும் தவறிப்போகவில்லை. ஆனால் கணக்கை நான் ஒழுங்காக எழுதி வைத்திருக்கவில்லை. எல்லார் முன்பாகவும் என்னைக் கேட்டுவிட்டாரே என்ற கோபத்தை நான் தேவனுடைய வீட்டைக்குறித்த வைராக்கியம் என்று பெயரிட்டு வளர்த்தேன். வேதாகமக் கல்லூரியில் படித்தவனுக்குத் தன் பாவத்திற்கு நல்ல பெயர் சூட்டத் தெரியும்.

அதன்பின் மூன்று ஆண்டுகள், கால்களைக் கழுவும் ஒவ்வொரு வேளையிலும் சபையின் வயதான மூப்பரிடமே போய் முழங்கால்படியிட்டேன். பாஸ்டருக்கு எவ்வளவு தாழ்மை என்று விசுவாசிகள் பேசிக்கொண்டார்கள். அது என் காதுக்கு இனிமையாயிருந்தது. இரண்டு பெஞ்சு தள்ளி உட்கார்ந்திருந்த அந்தச் சகோதரரிடம் நான் போகவில்லை. நான் ஏன் போகவில்லை என்பது அவருக்கும் தெரியும்.

பிரியமானவர்களே, பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்த நமக்குப் பிலிப்பி சபையின் வரலாறு மிகவும் நெருக்கமானது. ரோமர் குடியேறின அந்தப் பட்டணத்தில் முதலில் இருதயம் திறக்கப்பட்ட லீதியாள் அந்த ஊராள் அல்ல. கடலுக்கு அக்கரையிலுள்ள தியத்தீராவிலிருந்து இரத்தாம்பரம் விற்க வந்தவள். அவளுடைய வீட்டில்தான் சகோதரர்கள் கூடினார்கள். அவளுக்குப் பின் இரட்சிக்கப்பட்ட சிறைச்சாலைக்காரனோ, தொழுமரத்தில் தானே மாட்டிவைத்தவர்களை அதே இராத்திரியில் அழைத்துக்கொண்டுபோய் அவர்களுடைய காயங்களைக் கழுவினான். முதலில் கழுவினான், பின்புதான் ஞானஸ்நானம் பெற்றான். அப்போஸ்தலர் 16-ஆம் அதிகாரத்தில் அந்த வரிசையைப் பாருங்கள்.

பிற்காலத்தில் இந்தச் சபைக்குத்தான் பவுல் கட்டுண்டவராய் எழுதினார். தேவகுமாரன் தம்மைத்தாமே வெறுமையாக்கி அடிமையின் நிலைக்கு இறங்கிவந்ததை 2-ஆம் அதிகாரத்தில் எழுதிய அவர், 4-ஆம் அதிகாரத்தில் எயோதியாள், சிந்திகேயாள் என்ற இரண்டு சகோதரிகளைப் பெயர் சொல்லி, ஒரே சிந்தையாயிருக்கும்படி கெஞ்சுகிறார். இருவரும் சுவிசேஷத்துக்காகப் பிரயாசப்பட்டவர்களே. என்ன பிணக்கு என்று சொல்லப்படவில்லை. சால் வீடுகளில் வாழும் நமக்கு அதை ஊகிப்பது கடினமா? குழாயடியில் யாருடைய குடம் முதலில் வைக்கப்பட்டது என்பதற்காகவே ஆறு மாதம் பேசாமலிருக்கும் விசுவாசிகள் நம்மிடையே உண்டு. இருவரும் அந்நியபாஷையில் பேசுவார்கள்; ஒருவரோடொருவர் தமிழில் பேசமாட்டார்கள்.

2021-ஆம் ஆண்டு ஏப்ரலில், கொரோனாவின் இரண்டாம் அலையில், நானும் என் மனைவியும் ஒரே வாரத்தில் காய்ச்சலில் விழுந்தோம். எங்கள் வீடு மாடியில். குழாய் கீழே. விடியற்காலை ஐந்து மணிக்கு வரும் தண்ணீர் ஒரு மணி நேரத்தில் நின்றுவிடும். ஒருநாள் காலையில் கதவைத் திறந்தபோது வாசலில் இரண்டு குடங்கள் நிரம்பியிருந்தன. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் ஜன்னல் வழியாய்ப் பார்த்தேன். முகத்தில் துணி கட்டிக்கொண்டு அந்தச் சகோதரர் படியேறி வந்துகொண்டிருந்தார்.

அந்தக் கணத்தில் என் உள்ளத்தில் முதலாவது எழும்பியது ஸ்தோத்திரம் அல்ல. இவர் கையால் வாங்கவேண்டியதாயிற்றே என்ற கூச்சம். வேறு யாரையாவது அழைத்து இந்த உதவியை நிறுத்திவிடலாமா என்றுகூட எண்ணினேன். பேதுருவை அன்றுதான் புரிந்துகொண்டேன். தன் கால்களை ஆண்டவர் ஒருக்காலும் கழுவக்கூடாது என்று அவன் மறுத்தது பார்வைக்குத் தாழ்மைபோலிருக்கிறது. உண்மையில், கடன்பட மனதில்லாத இருதயத்தின் மறுப்பு அது. அப்படி மறுத்தால் தம்மோடு அவனுக்குப் பங்கில்லை என்றே ஆண்டவர் எச்சரித்தார்.

கொடுக்கும்போது நாம் மேலே நிற்கலாம். ஊரடங்கு நாட்களில் அரிசிப் பை கொடுத்தோம், புகைப்படமும் எடுத்தோம். நானும் எடுத்தேன், வாங்குகிறவர் தலைகுனிந்து நிற்க. வாங்கும்போதோ நாம் கீழே நிற்கவேண்டும். தேவபிள்ளையே, யாரிடத்தில் உதவி கேட்க உனக்கு நா எழும்பாதோ, ஒருவேளை அவருடைய கால்களைத்தான் நீ இன்னும் கழுவவில்லை.

பதினெட்டு நாள் அவர் தண்ணீர் சுமந்தார். ஒரு வார்த்தையும் பேசவில்லை. நான் எழுந்து நடமாடத் தொடங்கிய நாளில் படிக்கட்டிலேயே அவரை நிறுத்தி, என்னை மன்னிக்கும்படி கேட்டேன். அவர் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, “பாஸ்டர், அந்தக் கணக்கை மட்டும் எழுதிடுங்க” என்றார்.

அவ்வாண்டு அக்டோபரில் மகாராஷ்டிராவில் ஆராதனை ஸ்தலங்கள் திறக்கப்பட்டு, சபை மீண்டும் கூடினபோது, பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அவருடைய பெஞ்சுக்குப் போனேன். வெடித்த குதிகால், நகத்தோரம் பட்டறைப் பசையின் கறை. அது எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.

கட்டட நிதியின் கணக்கு இப்போது மாதந்தோறும் முதல் ஞாயிறன்று சபையின் சுவரில் தொங்குகிறது. அவரே கூட்டிச் சரிபார்க்கிறார். சென்ற மாதம் நாற்பது ரூபாய் குறைந்தது. இருவருமாய் உட்கார்ந்து தேடிக்கொண்டிருக்கிறோம்.