கிங்ஸ் கிராஸுக்கு அப்பால்

2007 செப்டம்பர் 14, வெள்ளிக்கிழமை. காலை 11:25 மணிக்கு லண்டன் கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையத்திலிருந்து பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் தோளில் பையுடன் வெளியே போகிறான். நிலையத்துக் காமிராவில் இது பதிவாகியிருக்கிறது. அதற்குப் பிறகு அவன் எங்கே போனான் என்று உறுதியாகச் சொல்ல இன்றுவரை ஒன்றுமே இல்லை. பிரிட்டனில் இருப்பவர்களுக்குப் பெயர் தெரிந்திருக்கும். நான் சொல்ல வருவதற்கு அது தேவையில்லை என்பதால் சிறுவன் என்றே எழுதுகிறேன்.

துப்பறியும் கதைகளில் எனக்குப் பெரிய நாட்டம் கிடையாது. ஆனாலும் இந்தச் சம்பவம் என்னை விடவில்லை. உயிரோடு இருந்தால் அவனுக்கும் முப்பதைத் தாண்டியிருக்கும், என் வயதுக்காரன். இன்னொரு காரணம் என் தொழில் சம்பந்தப்பட்டது. அதற்குப் பிறகு வருகிறேன்.

அவன் வீடு வடக்கே டான்காஸ்டரில். படிப்பில் கெட்டி, பள்ளிக்கு மட்டம் போடாதவன். அன்று வழக்கம்போலக் கிளம்பி, பள்ளி பஸ்ஸில் ஏறாமல், எல்லோரும் வெளியே போன பிறகு வீட்டுக்குத் திரும்பினான். சீருடையைக் கழற்றித் துணி துவைக்கும் இயந்திரத்தில் போட்டான். ஸ்லிப்நாட் இசைக்குழுவின் படம் போட்ட டீ-ஷர்ட் அணிந்து, தானியங்கி இயந்திரத்தில் 200 பவுண்டு எடுத்தான். கணக்கில் இருந்ததே கிட்டத்தட்ட அவ்வளவுதான். 31.40 பவுண்டுக்கு லண்டனுக்கு ஒருவழி டிக்கெட். திரும்பி வரவும் சேர்த்து வாங்கினால் சொற்பம்தான் அதிகம் என்று டிக்கெட் கொடுத்தவர் எடுத்துச் சொல்லியும் வேண்டாம் என்றிருக்கிறான். பையன் வரவில்லை என்று பள்ளியிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டார்கள், தவறான எண்ணுக்கு. இரவுச் சாப்பாட்டு நேரத்தில்தான் வீட்டில் தெரிந்தது.

இனி ஊகங்கள். ஒருவழி டிக்கெட், ஆகவே திரும்பி வரும் எண்ணம் இல்லை என்கிறார்கள் ஒரு சாரார். கையில் கொண்டுபோன விளையாட்டுக் கருவியின் சார்ஜர் வீட்டிலேயே கிடந்தது, ஆகவே மாலைக்குள் திரும்பத்தான் நினைத்தான் என்கிறார்கள் மறு சாரார். பிறந்தநாளுக்கு வந்த ரொக்கம் சுமார் நூறு பவுண்டையும் அவன் எடுத்துப் போகவில்லை. ஓடிப்போகிறவன் அதை ஏன் விட்டுப்போகிறான்? லண்டனில் உறவினர் உண்டு என்பதால், வரும்போது அவர்களில் யாராவது கொண்டுவந்து விடுவார்கள் என்று நினைத்திருக்கலாம் அல்லவா? சார்ஜரை மறந்துவிட்டுப் பயணம் போகாத பையன் யார்? எந்தத் தடயத்துக்கு எவ்வளவு எடை என்பதை அவரவர் முன்கூட்டியே முடிவு செய்துகொண்டுதான் கணக்கைத் தொடங்குகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

இசை நிகழ்ச்சிக்குப் போனான் என்று ஒரு ஊகம் உண்டு. டீ-ஷர்ட்டைத் தவிர அதற்கு வேறு ஆதாரம் சொல்வாரில்லை. கடல் தாண்டிப் போயிருப்பான் என்பது இன்னும் பலவீனம். பாஸ்போர்ட் வீட்டில் இருந்தது. பாரிஸ் போகும் யூரோஸ்டாரும் அப்போது வாட்டர்லூவிலிருந்துதான் ஓடியது. கிங்ஸ் கிராஸுக்குப் பக்கத்தில் உள்ள செயின்ட் பாங்க்ராஸுக்கு மாறியது 2007 நவம்பர் 14, சரியாக இரண்டு மாதம் கழித்து.

கனமான ஊகம் ஒன்றுதான்: யாரோ அவனை வரவழைத்தார்கள். வீட்டில், பள்ளியில், நூலகத்தில் அவன் கை பட்டிருக்கக்கூடிய கணினிகளைப் போலீஸார் பரிசோதித்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை. விளையாட்டுக் கருவி வழியாக அவன் இணையத்தில் கணக்குத் திறந்ததாகவும் தகவல் இல்லை. அன்று அவன் கையில் செல்பேசி கிடையாது. உடை மாற்றம், மொத்தப் பணம், யாரிடமும் சொல்லாதது எல்லாம் சேர்ந்து யாரையோ பார்க்கப் போகிறவனின் ஏற்பாடு போலத்தான் எனக்கும் படுகிறது. ஆனால் அந்த "யாரோ" இணையத்தில் மட்டும்தான் கிடைப்பார் என்று ஏன் நினைக்க வேண்டும்? கணினியில் தடயம் இல்லை என்பதால் ஆளே இல்லை என்றாகிவிடாது. ஆள் இருந்தார் என்றும் ஆகாது.

தொழில் சம்பந்தப்பட்ட காரணம் என்றேனே, அது இதுதான். டிக்கெட் விற்றவர் அவனை நினைவு வைத்திருந்து சொன்னது மூன்றே நாட்களில். கிங்ஸ் கிராஸ் காமிராப் பதிவில் அவனைக் கண்டுபிடித்தது 27 நாட்கள் கழித்து! என் வேலையில் பாதி, ஏதாவது பழுதானபின் பதிவேடுகளைத் தோண்டுவது. பதிவேடு எதையும் வட்டில் இடம் இருக்கும்வரைதான் வைத்திருப்போம். பிறகு பழையதன்மேல் புதியது எழுதப்படும். கண்காணிப்புக் காமிராவும் அதே ஜாதிதான். பல இடங்களில் சில வாரங்களுக்குமேல் எதுவும் தங்குவதில்லை. நிலைய வாசலில் அவன் இடப்பக்கம் திரும்பினானா, வலப்பக்கமா, பஸ் ஏறினானா, சுரங்க ரயிலுக்கு இறங்கினானா என்று சொல்லியிருக்கக்கூடிய கடைகள், பஸ்கள், தெருக்களின் பதிவுகள் அந்த 27 நாட்களில் ஒவ்வொன்றாக அழிந்திருக்கும். ஆரம்ப நாட்களில் போலீஸ் சந்தேகம் தகப்பனார் மேலேயே இருந்தது. அவர் அதைப் பின்னாளில் வெளிப்படையாகவே பேசினார். குடும்பத்தை முதலில் விசாரிப்பது போலீஸாரின் வழக்கம், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் லண்டன் பக்கமும் அதே வாரத்தில் இரண்டு பேரை உட்கார்த்திப் பதிவுகளைப் பார்க்கச் சொல்வதற்கு என்ன தடை? அந்த நிலையத்தில் டான்காஸ்டர் ரயில் வந்து நிற்கும் நேரம் அட்டவணையிலேயே இருக்கிறது.

ஆகவே இன்று உலவும் பத்துப் பதினைந்து ஊகங்களும் சிறுவனைப் பற்றியவை என்பதைவிட அழிந்துபோன அந்தப் பதிவுகளைப் பற்றியவை என்றுதான் சொல்வேன். அவன் மனதில் என்ன இருந்தது என்று சார்ஜரிடம் கேட்கிறோம். அடுத்த தெருக் காமிராவிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

பிறகு வந்தவை எல்லாம் தாமதமாகவே வந்தன. ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் ஒரு பீட்ஸா கடையில் பார்த்ததாக ஒரு தகவல், உறுதியாகவில்லை. 2011-ல் தேம்ஸ் நதியின் அடியில் ஒலியலைக் கருவி கொண்டு தேடினார்கள், அவன் இல்லை. 2021 டிசம்பரில் கடத்தல் சந்தேகத்தில் இருவரைக் கைது செய்தார்கள். எடுத்துப்போன மின்னணுச் சாதனங்களை ஆராய்ந்து முடிக்கவே மாதக்கணக்காயிற்று. 2023-ல் அவர்களுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று விடுவித்துவிட்டார்கள். வழக்கு மூடப்படவில்லை. போகும்போது சிறுவன் சாவியை எடுத்துப் போயிருந்ததால், வீட்டுப் பூட்டை மாற்றவில்லை என்று பெற்றோர் சொல்லியிருக்கிறார்கள்.