பேரன் மிதித்த பெடல்

கொஞ்சம் நீளமான பதிவு. இடது கை ஆட்காட்டி விரலில் கட்டு இருப்பதால் மூன்று நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி எழுதியிருக்கிறேன். பிழை இருந்தால் சிவப்பு மை இந்த முறை உங்கள் கையில்.

விரலில் மூன்று தையல் போட்ட செய்தி போன வாரம் குடும்ப வாட்ஸப் குழுவில் வந்தது. அதன் கீழே வந்த பதில்களைப் படித்தேன். “பிள்ளையை மெஷின் பக்கம் ஏன் விட்டீங்க?”, “அவன் வாலுத்தனம் தெரிஞ்சதுதானே”, “ரிட்டயர் ஆன வயசுல இதெல்லாம் எதுக்கு?” இப்படியே போகிறது. ஆறு வயதுப் பேரன் இரண்டு நாள் என் அறைக்குள் வரவில்லை. வாசலில் நின்று கட்டை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவான். அந்த இரண்டு நாளும் நானும் வாயைத் திறக்கவில்லை. தையல் போட்ட வலியைவிட அதுதான் எனக்கு உறுத்தலாக இருக்கிறது. தப்பு அவனுடையது இல்லை. பெடலைத் தரையில் சும்மா போட்டு வைத்திருந்த என்னுடையது.

தெரியாதவர்களுக்காக: என்னிடம் இருப்பது ஸ்க்ரோல் சா. தையல் மெஷினில் ஊசி ஓடுகிற மாதிரி, நூல் போன்ற மெல்லிய ரம்ப பிளேடு மேலும் கீழும் ஓடும். பலகையை நாம் திருப்பித் திருப்பிக் கொடுத்தால் வளைவு வளைவாக வெட்டலாம். அங்கன்வாடிப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துகளை மரத்தில் வெட்டிக் கொடுக்கிறேன். நம் எழுத்துகளில்தான் எத்தனை சுழி! உள்ளே மூடிய சுழி ஒவ்வொன்றுக்கும் ஒரு துளை போட வேண்டும். பிளேடின் மேல்முனையைக் கழற்றி, அந்தத் துளைக்குள் கோர்த்து, மறுபடி மாட்டி முடுக்க வேண்டும். ஒரு மாலையில் இருபது முப்பது தடவை இது நடக்கும்.

ஒவ்வொரு தடவையும் கையை நீட்டி சுவிட்சைத் தேடாமல், இரண்டு கையும் பலகை மேலேயே இருக்கட்டும் என்றுதான் கால் பெடல் வாங்கினேன். பெடலின் பிளக்கை சுவர் பாயிண்டில் சொருகி, மெஷினின் பிளக்கைப் பெடலோடு வரும் சாக்கெட்டில் சொருகிவிட்டால் போதும். மெஷினின் சொந்த சுவிட்ச் எப்போதும் ஆனிலேயே இருக்கும். மிதித்தால் ஓடும், காலை எடுத்தால் நிற்கும்.

அன்றைக்குப் பிளேடைக் கோர்த்துக்கொண்டிருந்தேன். கீழ்முனை மாட்டியிருக்கிறது, மேல்முனை என் விரலில். தான் வரைந்த யானையைக் காட்டப் பேரன் ஓடி வந்தான். பெடல் நான் வைத்த இடத்தில் இல்லை. மிதிக்க மிதிக்க நகர்ந்து மேஜைக்கு வெளியே, அவன் வருகிற வழிக்கே போயிருந்தது. ஒரு நொடிதான். சத்தம் கேட்டு அவன் துள்ளி விலகியதும் மெஷின் நின்றுவிட்டது. ஒரு தடவை மிதித்தால் ஓடி, இன்னொரு தடவை மிதித்தால்தான் நிற்கிற பெடலும் கடையில் உண்டு. அதை வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை. வாங்குகிறவர்கள் இதை மட்டுமாவது கேட்டு வாங்குங்கள்.

பெடல் ஏன் நகர்ந்தது? என் வகுப்பில் உட்கார்ந்தவர்கள் இந்நேரம் சொல்லியிருப்பீர்கள். மேல்தட்டு சாய்வாக இருக்கிறது. மிதிக்கிற விசை முழுவதும் நேர் கீழே போகாது, ஒரு பங்கு முன்னால் தள்ளும். அதைப் பிடித்து நிறுத்த வேண்டியது உராய்வு. என் அறையில் இருப்பதோ வழவழப்பான டைல்ஸ், அதன் மேல் மாவு மாதிரி மரத்தூள். பெடலுக்கோ கனமே இல்லை. பத்து மிதிக்கு ஒரு சாண் போய்விடும். கால் அதைத் தேடிக்கொண்டே போகும், உடம்பு நாற்காலியில் சரியும், கண் பிளேடை விட்டுக் கீழே போகும். முப்பது வருஷத்துக்கு மேல் உராய்வுப் பாடம் நடத்தியவன் இதைத் தினமும் பார்த்துக்கொண்டே காலால் இழுத்து இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அம்மா வைத்திருந்த பழைய தையல் மெஷினில் இந்தத் தொல்லை கிடையாது. அதன் மிதி இரும்பு ஸ்டாண்டோடு சேர்ந்தது, எங்கேயும் போகாது. மோட்டார் மாட்டியதும் மிதி தனியாகத் தரைக்கு வந்தது. என் மனைவி தன் தையல் மெஷின் பெடலைச் சுவரோடு ஒட்டி வைத்துத்தான் மிதிக்கிறார். எனக்கு முன்பே உராய்வைப் புரிந்துகொண்டவர் அவர்தான். (அந்தத் தையல் பெடலையே ரம்பத்துக்கு மாட்டலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். கூடாது. அது தையல் மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கச் செய்தது. நமக்கு வேண்டியது வெறும் ஆன், ஆஃப். மோட்டார் இழுக்கிற கரண்டைத் தாங்குமா என்று எலக்ட்ரீஷியனிடம் காட்டி வாங்குங்கள்.)

தரையில் துளை போட்டு ஸ்க்ரூ அடித்துவிடுங்கள் என்கிறார் மைத்துனர். எனக்கு அதில் சம்மதமில்லை. நாற்காலி ஒரு நாள் இருந்த இடத்தில் மறுநாள் இருப்பதில்லை, அடியில் சேரும் தூளைக் கூட்டவும் முடியாது. நான் செய்தது வேறு. 18 மி.மீ. பிளைவுட்டில் 45 செ.மீ. நீளத்துக்கு ஒரு பலகை. அதன் முன்பக்கம் பெடலை ஸ்க்ரூ போட்டு இறுக்கினேன், பின்பக்கம் குதிகாலுக்கு இடம். அடியில் கோடு போட்ட ரப்பர் ஷீட். மிதிக்கும்போது பாதம் முன்னால் தள்ளினால், குதிகால் அதே பலகையைப் பின்னால் தள்ளுகிறது. போதாததற்குக் காலின் கனமும் பலகை மேலேயே உட்காருகிறது. ஒரு வாரமாக வெறும் மிதி மிதித்துப் பார்த்தேன், அரை அங்குலம் நகரவில்லை. ரப்பரை மட்டும் தினமும் ஈரத்துணியால் துடைக்க வேண்டும், தூள் படிந்தால் அதுவும் வழுக்கும். நகர்ந்தாலும் மேஜைக்கு வெளியே போகாதபடி பலகையை மேஜைக் காலில் நைலான் கயிற்றால் கட்டியிருக்கிறேன்.

வைக்கிற இடத்திலும் ஒரு யோசனை வேண்டும். கால் இயல்பாக ஓய்வெடுக்கிற இடத்தில் பெடலை வைக்கக் கூடாது. கிளட்ச் மேலேயே காலை வைத்து ஓட்டுகிற டிரைவர் மாதிரி ஆகிவிடுவோம். நாலு விரல் வெளியே தள்ளி வைத்தால், குதிகாலை ஊன்றிப் பாதத்தைத் திருப்பித்தான் மிதிக்க முடியும். வேண்டும் என்று நினைத்தால் ஒழிய மெஷின் ஓடாது. நின்றுகொண்டு மிதிக்கிற வேலையே வேண்டாம். என் வயதில் ஒற்றைக் காலில் உடம்பைத் தாங்கிக்கொண்டு பிளேடைப் பார்க்க முடியாது.

பெடலுக்கு மேலே ஒரு மரக்கூடு. மூன்று பக்கமும் மேலும் மூடி, என் கால் நுழைய மட்டும் வழி. ஃபேக்டரிகளில் இருக்கும் கால் சுவிட்சுகளில் இப்படி மூடி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பலகைத் துண்டு கை தவறி விழுந்தாலும், யார் பக்கவாட்டில் வந்து மிதித்தாலும் மூடியில்தான் படும்.

ஆனால் இவ்வளவும் இருந்தாலும் பிளேடில் கை வைக்கும் முன் மெஷின் சுவிட்சை அணைத்துத்தான் ஆக வேண்டும். பெடல் வந்த பிறகு அந்தப் பழக்கம் எனக்குப் போய்விட்டது. கால் எடுத்ததும் சத்தம் நின்றுவிடுகிறது அல்லவா, அணைத்துவிட்டதாகவே மனது எடுத்துக்கொள்கிறது. உண்மையில் மெஷின் ஒரு மிதிக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. மூடி இல்லாததும் கட்டி வைக்காததும் பாதித் தப்பு என்றால், மீதி இது. முப்பது தடவை எழுந்து அணைப்பதா என்று கேட்பவர்களுக்கு என் விரலைக் காட்டத் தயார்.

நேற்று பேரனைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பிளக்கைக் கழற்றி அவன் கையில் கொடுத்துவிட்டு, மூடியை மிதித்துப் பார்க்கச் சொன்னேன். நாலு பக்கமும் சுற்றி வந்து மிதித்தான். பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்து காலை உள்ளே விட்டுப் பார்த்தான், எட்டவில்லை. “அப்ப நான் மிதிச்சது தப்பு இல்லையா தாத்தா?” என்று கேட்டான். இல்லை என்றேன். இன்னொரு தடவை கேட்டான்.

பலகையின் போட்டோவை நாளை வெளிச்சத்தில் எடுத்துப் போடுகிறேன். சொந்தக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். போனில் அவனிடம் “தாத்தா கையை வெட்டிட்டியாமே” என்று விளையாட்டுக்குக்கூடக் கேட்காதீர்கள்.