ஒன்பது கட்டத்துக்குள் அடங்காத களரி

இலங்கையின் கல்விச் சீர்திருத்தத்தில் அழகியற் பாடங்கள் ஓரங்கட்டப்படுகின்றனவா என்று 2025இல் கிளம்பிய சர்ச்சை, அரசின் மறுப்போடு தணிந்தது. பாடம் தப்பியது என்று ஆறுதல் அடைந்தவர்கள், தப்பியது எப்படிப்பட்ட பாடம் என்று கேட்கவில்லை. யாழ்ப்பாணத் தீவகத்தில் அழகியற் பாடமாக நாடகமும் அரங்கியலும் படிக்கத் தொடங்கும் பிள்ளையின் கொப்பியைத் திறந்து பாருங்கள். கிரேக்க அரங்கு, எஸ்கிலஸ், படச்சட்ட மேடை, அந்த மேடையின் ஒன்பது பகுதிகள். பிள்ளை ஒரு அடி எடுத்து வைக்குமுன்பே அடிமட்டத்தால் கட்டம் கீறியாயிற்று.

அந்த ஒன்பது கட்டத்தையே எடுத்துக்கொள்வோம். சனம் ஒரே பக்கத்தில் இருந்து பார்க்கும் மேடைக்கு ஐரோப்பாவில் வகுத்த கணக்கு அது. முன், பின், வலம், இடம் எல்லாம் அந்த ஒற்றைப் பக்கத்தை நம்பி நிற்பவை. கூத்து ஆடும் வட்டக்களரிக்கு வாருங்கள். சுற்றிவரச் சனம், எது முன், எது பின்? வரவு பாடி நுழையும் அரசன் ஒரு பக்கத்துக்கு முகம் காட்டினால் மறுபக்கத்துக்கு முதுகு. அதனால் அவன் சுழன்று ஆடுகிறான். அவன் விட்ட அடியைப் பிற்பாட்டுக்காரர் வாங்கிப் பாடுவதற்குள் அடுத்த பக்கம் போய்விடுகிறான். வெளி, அசைவு, குரல், பார்வையாளர் என்று தொடக்க மாணவர் அறிய வேண்டிய நான்கும் அந்த ஒரு சுற்றுக்குள் இருக்கின்றன. கிரேக்கத்தையும் இங்கிருந்தே படிப்பிக்கலாம். எபிடோரஸ் அரங்கின் ஆடுகளமும் ஏறத்தாழ 20 மீற்றர் விட்டமுள்ள வட்டம்தான். களரியில் நின்று பாடிய பிள்ளைக்குக் கோரஸ் என்ன என்று விளங்கப்படுத்த அதிக நேரம் எடுக்காது.

கூத்தும் பாடவிதானத்தில் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, வடமோடி, தென்மோடி என்ற இரு கூத்து வகைகளுக்கும் வேறுபாடு எழுதும் அட்டவணையாக! ஆட்டத்தைக் குறைத்துப் பாட்டை உயர்த்திய கத்தோலிக்கத் தென்மோடி வழங்கும் ஊர்காவற்றுறைப் பக்கத்துப் பிள்ளை, தன் ஊர்ப் பெரியவர்கள் பாடுவதை இரண்டு நிரலில் மனப்பாடம் செய்கிறது. இதற்குப் பெயர் கல்வியா? பரீட்சைப் பெறுபேற்றைக் காட்டி இதை நியாயப்படுத்துவோருக்கு அரங்கைப் பற்றி அக்கறை இல்லை. அவர்களோடு வாதிட்டுப் பயனுமில்லை.

வழி தெரியாமல் நாம் நிற்கவில்லை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் 'கர்ணன் போர்' கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு ஆடவைத்தார். குழந்தை ம. சண்முகலிங்கம் 1978இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கிப் பயிற்சிக் களம் அமைத்தார். இருவரும் மாணவரை எழுப்பி நிறுத்தினார்கள். நாம் பிடித்து இருத்திவிட்டோம்.

தீவகக் கல்வி வலயம் செய்ய வேண்டியது இதுதான். முதல் தவணையில் குறிப்பு எழுதுவதை நிறுத்துங்கள். மத்தளமும் தாளமும் வாங்குங்கள். கூத்துப் பழக்கும் அண்ணாவியாருக்கு மணித்தியாலக் கொடுப்பனவு கொடுத்து வகுப்புக்கு அழையுங்கள். சான்றிதழ் இல்லை என்ற சாட்டு வேண்டாம். அவரது சான்றிதழ் ஊருக்கே தெரியும். நெடுந்தீவுக்கு வரும் ஆசிரியர் குறிகட்டுவானில் படகு ஏற வேண்டும். கடல் கொந்தளித்தால் அன்று பாடம் இல்லை. கூத்துத் தெரிந்த உள்ளூர்ப் பெரியவருக்குப் படகே தேவையில்லை.

இதைச் செய்யாவிட்டால் எந்தச் சீர்திருத்தமும் தீவகத்து அரங்கைக் காப்பாற்றாது. களரியில் கால் வைக்காத பிள்ளைக்கு ஏ சித்தி கொடுக்கும் பாடம் இருப்பதைவிட இல்லாமற் போவதே மேல்.