காயலான் கடை இரும்பும் இரண்டு கோஷ்டிகளும்

மரக் கடைசல் பழகும் ஒருவர் தேய்ந்த அரத்தைத் தீட்டி உளியாக்கினால் போதும், இரண்டு கோஷ்டிகள் வந்துவிடும். முதல் கோஷ்டி, "பழைய இரும்பா? ஆபத்துங்க, கம்பெனி உளி வாங்குங்க" என்று மிரட்டும். இரண்டாவது, "அட, எந்த இரும்பா இருந்தா என்ன, தீட்டினா வெட்டும்" என்று தட்டிக்கொடுக்கும். இரண்டுமே தப்பு. இரண்டாவது தப்பில் கண்ணே போகலாம்.

முதல் கோஷ்டிக்கு ஒரு கேள்வி. ஹைஸ்பீட் ஸ்டீலை டெய்லரும் ஒயிட்டும் உருவாக்கியதே 1900 வாக்கில். மரக் கடைசல் உளிகளில் அது பரவியது 1980களில். அதற்கு முன்னால் கட்டில் காலையும் பம்பரத்தையும் எதை வைத்துக் கடைந்தார்களாம்? சாதாரண கார்பன் எஃகுதான். நல்ல அரத்தில் இருப்பதும் அந்த வகை எஃகுதான். கார்பன் 1 சதவீதத்துக்கு மேல். பல் மழுங்கியதும் கணக்குப் புத்தகத்தில் அரத்தின் மதிப்பு பூஜ்யம். ஆனால் தேய்ந்தது பல்தானே, எஃகு இல்லையே! தேய்மானம் எழுதுகிறவரை விட கொல்லருக்கு இது நன்றாகத் தெரியும் :-)

இப்போது இரண்டாவது கோஷ்டி. அரம் ரொம்பக் கடினம், அதனாலேயே நொறுங்கும். அப்படியே சுழலும் கட்டையில் வைத்து, அது மாட்டிக்கொண்டால் துண்டு முகத்துக்குத் தெறிக்கும். முதலில் பல் வரிகளைச் சாணையில் ராவிவிட வேண்டும். விரிசல் அங்கேதான் தொடங்கும். பிறகு ஓவனில் 200 முதல் 230 டிகிரி செல்சியஸில் ஓரிரு மணி நேரம் வைத்து கடினத்தைக் கொஞ்சம் இறக்க வேண்டும். பளபளப்பாக்கிய இடம் வைக்கோல் நிறத்துக்கு வந்தால் பதம் சரி. தீட்டும்போது முனை நீலமாகிவிட்டால் அந்த முனை போச்சு, கூர் நிற்காது.

இவ்வளவு செய்தாலும் அரம் சின்ன வேலைக்குத்தான். பெரிய கிண்ணம் கடைய, சுமார் 0.6 சதவீதக் கார்பன் உள்ள லாரி ஸ்பிரிங் பட்டையைச் சிவக்கக் காய்ச்சி, எண்ணெயில் முக்கி, பதம் இறக்கிச் செய்வது மேல். கட்டடக் கம்பியை எத்தனை முறை காய்ச்சினாலும் உளிக்கான கடினம் வராது.

ஆக, ஆபத்து காயலான் கடையில் இல்லை. அந்த ஓரிரு மணி நேரத்தைத் தாண்டிக் குதிப்பதில்தான் இருக்கிறது. கையில் காசில்லாமல் தொழில் பழக வருகிறவரை விரட்டவும் வேண்டாம், உசுப்பேற்றவும் வேண்டாம். பதம் பார்க்கச் சொல்லிக்கொடுத்தால் போதும். என்ன சொல்றீங்க மக்களே?